தலைமடையில் ஒரு தீவு

வால்பாறைக்கு நான் எப்போதும் பஸ்ஸில்தான் போவேன். வீட்டுக்குக் கார் வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. கோயம்புத்தூர் உக்கடத்தில் ஏறிப் பொள்ளாச்சியில் இறங்கி, வால்பாறை வண்டி வரும்வரை ஒரு டீயைக் குடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அரை நாள் அதிலேயே போய்விடும். "காரை எடுத்தா மூணு மூணரை மணி நேரத்துல மேல போயிரலாமுங்க, எதுக்கு இந்தப் பாடு?" என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. கார் ஓட்டினால் வளைவையும் எதிரே வரும் லாரியையும் பார்ப்பதற்கே கண் சரியாகிவிடும். பஸ்ஸில் அந்தக் கவலை டிரைவருடையது, ஜன்னல் நம்முடையது.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர்தான். ஆழியாறு அணையைத் தாண்டி வனத்துறை செக்போஸ்டில் வண்டி நின்று கிளம்பும். குரங்கு அருவிக்கு அப்புறம் ஏற்றம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஒன்பதாவது வளைவுக்கு லோம்ஸ் வியூ என்று பெயர். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் கீழே அணைத் தண்ணீர், அதற்கப்பால் கண் எட்டும் மட்டும் தென்னை. அந்தத் தென்னைக்குள் எங்கோ எங்கள் தோப்பும் இருக்கிறது. பக்கத்துப் பாறைச் சரிவில் சில நாட்களில் வரையாடுகள் நிற்கும். கீழே கார்கள் நின்று செல்ஃபி நடக்கும். ஆடுகள் அவை பாட்டுக்குப் புல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்.

அட்டகட்டி தாண்டியதும் பஸ்ஸில் ஒவ்வொருவராக ஷட்டரை இறக்குவார்கள். சாரல் உள்ளே வரும். கோயம்புத்தூரில் ஆண்டு முழுக்கப் பெய்வது சராசரியாக 700 மில்லிமீட்டர் அளவுதான். வால்பாறையில் 3,500 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வருகிற மழையை ஆனைமலை மேற்கேயும் உச்சியிலும் இறக்கி வைத்துக்கொண்டு, வெறுங்காற்றை நம் பக்கம் அனுப்புகிறது. ஆடியில் எங்கள் ஊரில் தென்னை ஓலை பிய்ந்து பறக்கும், மேகம் ஓடும், சொட்டு விழாது. "மேல பேயுதாட்ட இருக்குது" என்று அப்பா மலையைப் பார்த்துச் சொல்வார். சிறுவயதில் அந்த 'மேல' எனக்கு வேறொரு நாடு.

அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த புதிதில் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. தேயிலையும் பச்சை, காடும் பச்சை. இயற்கை எழில் என்று எழுதி அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது. இரண்டும் வேறு வேறு பச்சை என்பது கண்ணுக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. தேயிலையின் பச்சை மேசைமட்டமாக இடுப்புயரத்தில் கவாத்து செய்யப்பட்டது. நடுவே வரிசை பிடித்து நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். காட்டின் பச்சையில் ஒழுங்கு கிடையாது. கறுப்பு, செம்பு, மஞ்சள் எல்லாம் கலந்து, மரத்துக்கு மேல் மரமாக நிற்கும். மாசி, பங்குனியில் நாங்கு மரம் தளிர்விடும்போது இலை சிவப்பாகத் தொங்கும். அப்போது தூரத்திலிருந்தே காட்டின் எல்லையைக் காட்டிவிடலாம்.

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, இடையிடையே காபியும் ஏலமும். சுற்றிலும் பெருங்காடு: இந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம். நடுவே தேயிலைக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மழைக்காட்டுத் துண்டுகள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. சில துண்டுகள் நூற்றுக்கணக்கான ஹெக்டேர். சில, ஒரு தோப்பு அளவு. ஒரு காலத்தில் எல்லாம் ஒரே காடு. 1890-களில் தோட்டம் போட ஆரம்பித்தபோது, செங்குத்துச் சரிவு, ஓடைக்கரை என்று வெட்டுக்கு ஒத்துவராத இடங்கள் தப்பின. ஆனைமலைத் தோட்டங்களுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் கார்வர் மார்ஷுக்குக் கவர்க்கல்லில் சிலை இருக்கிறது. பனிமூட்டத்தில் பஸ் அந்தச் சிலையைக் கடக்கையில் பாதி நாள் அது தெரிவதே இல்லை.

தீவு என்றால் நமக்குக் கடல் வேண்டும். உயிரியலாளர்களுக்கு அது வேண்டியதில்லை. பனாமா கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றை அணை கட்டி மறித்தபோது தண்ணீர் ஏறி, ஒரு மலையுச்சி மட்டும் ஏரி நடுவே மிஞ்சியது. 1914-ல் கால்வாய் திறந்தபோது அது பாரோ கொலராடோ என்ற தீவு. 1923 முதல் அதை ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார்கள். ஒரு மரமும் வெட்டாமல், காட்டைத் தனியாக்கியதாலேயே சில பறவை இனங்கள் அங்கிருந்து அற்றுப்போவதைப் பார்த்தார்கள். 1967-ல் மெக்கார்தரும் வில்சனும் தீவுகளின் உயிரியலைப் பற்றி எழுதிய புத்தகம் இந்தக் கணக்கைச் சூத்திரமாக்கியது: தீவு சிறுத்தால் இழப்பு கூடும், தூரம் கூடினால் புது வரவு குறையும். இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. வால்பாறையில் இதே கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் புத்தகம் படித்தவர் இல்லை.

ஒரு தோட்டத்தில் கண்காணியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய மகன் கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் குடியிருந்ததால் வந்த பழக்கம். மேலே போனால் அவர் வீட்டில்தான் தங்கல். பார்க்க வேண்டிய இடங்கள் என்று என் கையில் ஒரு பட்டியல் இருந்தது: நல்லமுடி பூஞ்சோலை, கூழாங்கல் ஆறு, சோலையார் அணை, சின்னக்கல்லார். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரே நாள்ல ஜீப் வச்சுப் பாத்துருவாங்க தம்பி. நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?" என்றார். பட்டியல் அன்றோடு போயிற்று. காலையில் எஸ்டேட் பஸ் ஏதாவது ஒன்றில் ஏறுவோம்: முடீஸ், உருளிக்கல், கருமலை, எது முதலில் வருகிறதோ அது. நடுவழியில் இறங்கித் திரும்பி நடப்போம்.

தோட்டத்தில் சொல்லிவிட்டு, காட்டை ஒட்டிப் போகும் வழியில் ஒருநாள் கூட்டிப்போனார். ஆவணி மாதம். கிளம்பும்முன் பழைய வேட்டித் துணியில் கல்லுப்பை முடிந்து ஒரு குச்சி நுனியில் கட்டி என் கையில் கொடுத்தார். தேயிலைக்குள் நடக்கும்வரை அது எதற்கென்று தெரியவில்லை. காட்டு ஓரத்தில் கால் வைத்ததும் தெரிந்தது. சருகின் மேல் நூல் நூலாக அட்டைகள் எழுந்து நின்றன. ஒரு முனையைச் சருகில் ஊன்றிக்கொண்டு மறுமுனையைக் காற்றில் இப்படியும் அப்படியும் துழாவின. காலடி அதிர்ந்த பக்கம் அத்தனையும் ஒருசேரத் திரும்பின. உப்பு முடிச்சை நனைத்து ஒற்றினால் சுருண்டு விழுந்துவிடும். ஆனால் ஒன்றை ஒற்றுவதற்குள் இரண்டு ஏறிவிடும். அதனால் அங்கே நிற்கவும் முடியாது, ஓடவும் முடியாது. ஒரே நிதானத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மெதுவாகப் பயணம் செய்வதைப் பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள். எனக்கு அந்த நடையைக் கற்றுக்கொடுத்தது அட்டைதான்.

ஒரே எட்டில் வெளிச்சம் குறைந்தது. தேயிலையில் முதுகைச் சுட்ட வெயில் உள்ளே இல்லை. மழை நின்று வெகுநேரம் ஆகியும் இலைக்கு இலை சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஒரு மரத்தின் மேல் கை வைத்தார். வெடிப்பலா. தூரில் பலகை பலகையாக வேர் விரிந்திருந்தது. கீழே முள் அப்பிய காய்ச் சிதறல்கள், பாதி கடித்துப் போட்டவை. "சிங்கவால் குரங்கு தின்னது. மாசியில வந்தீங்கன்னா கிளையோட கிளையா பூ ஒட்டிக்கிட்டு இருக்கும், அதையும் விடாது." பிறகு மாசியில் போய் அதையும் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே இல்லாமல் கிளையின் பட்டையிலேயே கொத்துக் கொத்தாகப் பழுப்பு நிறப் பூ. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத அந்தக் குரங்குக்கு இந்த மரம் ஒரு பெரிய சோற்றுப்பானை.

"இந்தத் துண்டுல எத்தனை வெடிப்பலா இருக்கும்?" என்று கேட்டேன். "அத எண்ணுறதுல என்ன இருக்கு? இது காய்க்காத வருசம் குரங்கு எங்கன போகும், அதக் கேளுங்க" என்றார். மெக்கார்தரும் வில்சனும் சொன்னது அதுதான்.

குரங்கு எங்கே போகும் என்பதற்குப் பதில் வால்பாறை ஊருக்குக் கொஞ்சம் முன்னால், புதுத்தோட்டத்தில் இருக்கிறது. நூறு ஹெக்டேருக்கும் குறைவான காடு. நடுவே பொள்ளாச்சி சாலை. மரத்தை விட்டு இறங்காத பிராணி என்று பேர் பெற்ற சிங்கவால் குரங்கு அங்கே ரோட்டில் இறங்கி நடக்கிறது. கொய்யாவுக்கும் குப்பைத்தொட்டிக்கும் வருகிறது. வீட்டுக் கூரையைப் பிரித்துச் சமையற்கட்டுக்குள் கை விடுகிறது. வண்டியில் அடிபட்டும் சாகிறது. அதற்காகச் சாலைக்கு மேலே, இருபுறத்து மரங்களையும் இணைத்து ஏணிபோலப் பாலங்கள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒருமுறை, தாய் ஒன்று குட்டியை வயிற்றோடு பிடித்துக்கொண்டு அதில் கடப்பதைப் பார்த்தேன். பாதியில் நின்று கீழே போகும் வண்டிகளைப் பார்த்தது. பிறகு வால் நுனிக் குஞ்சம் ஆட மறுபுறம் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் தலையை வெளியே நீட்டியிருந்தோம். "பாத்தாச்சில்ல, ரைட்!" என்று கண்டக்டர் விசில் கொடுத்தார்.

குரங்குக்குப் பாலம் கட்டலாம். மரத்துக்கு எப்படிக் கட்டுவது? அந்த வேலையை இருவாச்சிப் பறவை செய்கிறது. சிறகோசை முதலில் காதில் விழும். அதற்குப் பிறகுதான் கண் தேடும். மஞ்சள் அலகோடு கறுப்பும் வெள்ளையுமாக அது ஒரு காட்டிலிருந்து எழும்பி, தேயிலைக்கு மேல் நேர்கோட்டில் பறந்து, அடுத்த காட்டுக்குள் இறங்கும். அத்தியும் குங்கிலியமும் ஜாதிக்காய் இனப் பழங்களும் விழுங்கிய வயிறு. பெரிய கொட்டைகளை விழுங்கிச் சுமந்து போக இதை விட்டால் அதிகம் பறவைகள் இல்லை. இங்கே தின்றதை அங்கே போய்த் துப்பும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு பிளவு மட்டும் விட்டு வைக்கும். மாதக்கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் ஆண் ஊட்ட வேண்டும். அந்த அளவுக்குப் பொந்து உள்ள கிழட்டு மரம் சின்னத் துண்டில் ஒன்றோ இரண்டோதான் நிற்கும். ஒரு மரம் விழுந்தால் ஒரு குடும்பத்துக்கு வீடு போயிற்று.

இருவாச்சியைப் பார்த்து மனிதர்களும் அந்த வேலையில் இறங்கினார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் திவ்யா முடப்பா, டி.ஆர்.சங்கர் ராமன் போன்றவர்கள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து வால்பாறையில் இருந்துகொண்டு, தோட்டக் கம்பெனிகளோடு பேசி, கெட்டுப்போன காட்டுத் துண்டுகளில் நாட்டு மரங்களை நட்டு வருகிறார்கள். ரோட்டோரத்தில் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி வந்து நாற்றாக்குவது அவர்கள் வழக்கம். உண்ணிச்செடி வெட்டிய இடத்தில் நட்ட கன்றுகள் என் கண் முன்னாலேயே தலைக்கு மேல் போய்விட்டன. "முன்னெல்லாம் மரத்த வெட்டுனாத்தான் கூலி. இப்ப நட்டாக் கூலி குடுக்காங்க" என்று அண்ணாச்சி சிரிப்பார்.

வெட்டிய கூலியின் கதை சிரிப்புக்குரியதில்லை. காட்டை அழித்துத் தேயிலை வைத்தவர்கள் முன்பணக் கடனில் ஏற்றி வரப்பட்டவர்கள். மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆள் பிடித்து வந்த மேஸ்திரிக்குக் கணக்குத் தீராமல் கீழே இறங்க முடியாது. 1940-களில் இந்தத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் அதைப் பார்த்து எழுதிய 'ரெட் டீ' நாவல் 1969-ல் வந்தது. இரா.முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். இயக்குநர் பாலாவின் 'பரதேசி' அதிலிருந்து பிறந்த படம். நாவலைப் படித்துவிட்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேயிலையைப் பார்ப்பது முன்போல் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டது காடு மட்டுமில்லை என்று தெரிந்துவிடுகிறது. அண்ணாச்சியின் தாத்தாவும் ஊர் திரும்பவில்லை. பேரப்பிள்ளைகள் இப்போது திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும். லைன் வீடுகளில் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. திண்ணையில் கேட்கும் பேச்சு மாறிவிட்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கும் சண்டை மட்டும் எந்த மொழியிலும் புரிகிறது.

பொழுது சாய்ந்தால் அந்த வீடுகளில் டிவியின் அடியில் ஓடும் எழுத்தை எல்லோரும் பார்ப்பார்கள். சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்; கீழே, இன்ன எஸ்டேட், இன்ன டிவிசனில் யானைகள் நிற்கின்றன என்று லோக்கல் கேபிளில் வரி ஓடும். அப்புறம் செல்போனுக்கே குறுஞ்செய்தி வர ஆரம்பித்தது. முக்கியமான திருப்பங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கு வைத்தார்கள். யானை பக்கத்தில் இருந்தால் செல்போன் மூலமாகவே அதை எரிய விடலாம். கடைசி பஸ்ஸில் இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடக்கும்போது எதிர்பாராமல் யானை முன்னால் போய் நின்றவர்கள்தான் பெரும்பாலும் செத்தவர்கள். இருக்கும் இடம் தெரிந்தால் விலகிப் போய்விடுவார்களே என்ற எளிய யோசனைதான் எல்லாம். இந்த ஏற்பாட்டைச் செய்த, அதே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆனந்த குமாருக்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

ஒரு இரவு சோலையார் பக்கமிருந்து திரும்பும்போது தூரத்தில் அந்தச் சிவப்பு விளக்கு தெரிந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். இறங்க வேண்டிய ஒரு அம்மாவைக் கண்டக்டர், "இருக்கா, அடுத்த ஸ்டாப்புல இறக்கி விடுறேன், அங்கன ஆளு நிப்பாங்க" என்று உட்கார வைத்தார். அந்த அம்மா போனை எடுத்து வீட்டில் சொன்னார்: "கூட்டம் ஓடைக்கிட்ட நிக்குதாம், டார்ச் எடுத்துட்டு மேல்ரோட்டுக்கு வா." பதற்றமில்லாத குரல். பகலில் யானைகள் காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோரத்திலும் ஒதுங்கி நிற்கும். ராத்திரியில் தேயிலையைக் கடக்கும். துண்டு இல்லாவிட்டால் பகலிலும் தேயிலையில்தான் நிற்க வேண்டும். யாரும் சந்தோஷமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ரேஷன் கடைச் சுவரும் சத்துணவுக்கூடக் கதவும் உடைந்த கதை ஊருக்கு ஒன்று உண்டு. ஆனால் யார் எப்போது கடப்பது என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு முறை உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் எங்களுக்கு மண்டலம் வைத்துத்தான் தண்ணீர். சுமார் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை போட்டு விடுவார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று சின்னக்கல்லாரில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மேற்கே கேரளத்துக்கு ஓட வேண்டிய மழைத் தண்ணீரை நீராற்றில் மறித்து, மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகச் சோலையாருக்கும், அங்கிருந்து பரம்பிக்குளம், தூணக்கடவு என்று அணை அணையாகவும் கொண்டுவந்து, சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்துக்கொண்டு, கிழக்கே நம் பக்கம் இறக்கிவிடுகிறார்கள். 1950-களின் கடைசியில் தொடங்கிய வேலை. அப்பா மலையைப் பார்த்து 'மேல பேயுது' என்றாரே, அந்த மழையைத்தான் ஆறேழு வாரம் கழித்து எங்கள் கிளை வாய்க்காலில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

வாய்க்காலில் தண்ணீர் மெலிந்தால் கொங்கு விவசாயி ஆபீசுக்குப் போன் போடுவதற்கு முன்னால் மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே நடப்பான். எங்கே உடைப்பு, எவன் மடையைத் திருப்பினான், எங்கே மண் சரிந்தது என்று மடை மடையாகப் பார்த்துக்கொண்டே தலைமடை வரைக்கும் போவான். வண்டியில் போனால் உடைப்பு தெரியாது. வால்பாறைக்கு நான் போய்வந்ததெல்லாம் அந்தச் சாதியைச் சேர்ந்த நடைதான் என்று இப்போது தோன்றுகிறது. பெய்கிற மழையைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவது அந்தக் காட்டுத் தரை. அதைப் பிடித்து நிறுத்துவது வெடிப்பலாவும் நாங்கும். அந்தக் காட்டில் பல மரங்களின் கொட்டையைச் சுமப்பது இருவாச்சியும் குரங்கும். இதில் ஒரு மடை அடைத்துக்கொண்டாலும் கணக்கு கீழே வந்துதான் நிற்கும்.

சனி, ஞாயிறுகளில் இப்போது ஆழியாறு செக்போஸ்டில் கார்கள் வரிசை கட்டுகின்றன. புதுத்தோட்டத்தில் குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் கீழிருந்து போனவன்தான். ஆனால் போகிறவர்கள் பொள்ளாச்சியில் காரை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் பார்க்கலாம். கடைமடைக்காரர்கள் தலைமடைக்குப் போனால் கும்மாளம் போட்டுவிட்டு வருவதில்லை. கரை நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு சட்டி மண்ணாவது அள்ளிப் போட்டுவிட்டு வருவார்கள்.